போயாவில் வடிந்த எண்ணெய்

மாடக்கண்ணுவுக்கு முதலில் குமட்டியது கஞ்சியில்தான். மத்தியானம் ஷெட்டின் சுவரோரம் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தபோது, கஞ்சியின் மேல் வட்டம் வட்டமாக ஒரு மினுமினுப்பு மிதந்தது. விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தான். நாக்கில் வழவழவென்று ஒட்டியது. செத்த மீனையும் கரிந்த கொழுப்பையும் ஒன்றாகப் பிசைந்த மாதிரி ஒரு வாடை மூக்குக்குள் ஏறியது. வாயில் இருந்ததை மணலில் துப்பிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தான். ஒரு காக்கை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, தொடாமல் போய்விட்டது.

1943-ஆம் வருஷம், ஆடி மாதம். தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. நாலைந்து மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அவற்றுக்கும் கரைக்கும் இடையே சரக்கைச் சுமக்கும் பார்ஜு என்ற இரும்புப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில், மெஷின்களைக் கழற்றி மாட்டும் பிட்டராக மாடக்கண்ணு இருந்தான். முப்பத்தைந்து வயது. சாயர்புரம் பக்கத்துப் பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாக இதே வேலை.

அந்த வாடை பட்டறைக்குள் புகுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உடுப்பில் ஏறிக்கொண்டால் சீயக்காய் போட்டாலும் போகாது. அவன் மனைவி செல்லத்தாய், கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தால்தான் வீட்டுக்குள் விடுவாள். பக்கத்துக் காம்பவுண்டில் கருவாட்டைச் சேர்த்து வைக்கும் ஒரு கிட்டங்கி இருந்தது. நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது என்று பட்டறைக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள். ஒருநாள் வின்ச்சு டிரைவர் சிலுவை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கிட்டங்கிப் பெண்களிடம் சண்டைக்கே போய்விட்டான். அவர்களில் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேலியருகே வந்தாள்.

"ஏலே, எங்க கருவாடு உப்புல காஞ்ச கருவாடு. வீச்சம் அடிக்கும், அழுகல் அடிக்காது. அழுகல் உங்க ஷெட்டுல இருந்துதாம்ல வருது. நாங்கல்லா மூக்கப் பொத்திக்கிட்டுக் கெடக்கோம்!"

சிலுவைக்கு அவள் சொன்னதில் பாதி கேட்கவில்லை. அவனுக்கு இடது காது அறவே போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். அதற்குக் காரணம் அந்த வின்ச்சு.

பார்ஜுகளைச் சரிவில் இழுத்து ஏற்றும் அந்த வின்ச்சு முன்பு நீராவியில் ஓடியது. யுத்தத்தில் நிலக்கரி கிடைக்காமல் போனதும், ரிவெட் சுத்தியல்களுக்காக வைத்திருந்த கம்ப்ரசரிலிருந்தே ஒரு குழாய் இழுத்து, அழுத்திய காற்றில் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஓடத்தான் செய்தது. ஆனால் பிஸ்டனைத் தள்ளி முடித்த காற்று, ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றின் வாய் வழியாக ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு வெடி. நிமிஷத்துக்கு நூறு வெடி. பக்கத்தில் நிற்பவனுக்குப் பல்லெல்லாம் கூசும். அந்தக் குழாய்க்கு ஆறடி தள்ளித்தான் சிலுவையின் இருக்கை. இரண்டு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்தான். மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் அவன் கிசுகிசுப்பதாக நினைத்துச் சொன்ன பாவமெல்லாம் கோயில் முழுக்கக் கேட்டுவிட, இனிமேல் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வா என்று சாமியார் சொல்லிவிட்டார்.

சிலுவையின் காதைப் பற்றி மேலே இருந்தவர்கள் யாரும் கவலைப்படவில்லை. கவலை வந்தது அபாயச் சங்கால்.

ஜப்பான்காரன் விமானம் எப்போது வருமோ என்று பயந்துகொண்டிருந்த காலம். துறைமுகத்தில் ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. சங்கு ஊதியதும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும். ஊரே ஓடியது. இந்தப் பட்டறை மட்டும் ஓடவில்லை. வின்ச்சு குரைத்த குரைப்பில் சங்குச் சத்தம் ஒருவன் காதிலும் விழவில்லை. ஏ.ஆர்.பி. ஆபீசர் சைக்கிளில் வந்து பார்த்தபோது, நாற்பது பேர் ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மானேஜரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்.

மானேஜர் ஜெபசீலன் நாசரேத்துக்காரர். வெள்ளை டிரில் துணிக் கால்சட்டையில் ஒரு கறை விழாமல் பன்னிரண்டு மணி நேரம் பட்டறையில் நடமாடக்கூடியவர். அன்று மாலையே மாடக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி மறுபடி ட்ரில் இருக்கு. அதுக்குள்ள அந்த எக்ஸாஸ்ட் சத்தம் குறையணும். என்ன செய்வியோ தெரியாது."

"வின்ச்ச நிறுத்திப்போடலாமா சார்?"

"வேல நிக்கக் கூடாது. சத்தம் நிக்கணும்."

மறுநாளே ஆரம்பித்தான். முதலில் குழாயின் வாயை வளைத்து வானத்தைப் பார்க்கத் திருப்பினான். சத்தம் அப்படியே இருந்தது. காற்றோடு வந்து அதுவரை தரையில் தெறித்துக்கொண்டிருந்த எண்ணெய்ப் பிசுக்கு இப்போது மேலே எழும்பிக் கூரைத் தகரத்தில் தங்கி, வெயிலில் உருகி, சொட்டுச் சொட்டாகத் தலையில் விழுந்தது. ரிவெட்காரர்கள் வைதார்கள். பிறகு குழாய்க்குள் சாக்குத் துணியைத் திணித்துக் கம்பி கட்டிப் பார்த்தான். ஐந்து நிமிஷம் சத்தம் அடங்கியிருந்தது. ஆறாவது நிமிஷம் துணி பீரங்கிக் குண்டு மாதிரி தெறித்துச் சிலுவையின் முகத்தில் போய் அறைந்தது. மூன்று மாதத்துப் பிசுக்கெல்லாம் ஊறிய துணி. சிலுவை அதை முகத்திலிருந்து உரித்தெடுத்தபோது, அவன் மீசையிலிருந்து மஞ்சளும் கறுப்புமாக நூல்நூலாகச் சளி போல வழிந்தது. "மாதாவே!" என்று அலறிக்கொண்டே கடலுக்குள் ஓடி இடுப்பளவு தண்ணீரில் நின்று வாந்தியெடுத்தான்.

மூன்றாவது முயற்சி, ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்குள் தேங்காய் நாரை அடைத்து மாட்டியது. சத்தம் குறைந்தது. ஆனால் நாரில் பிசுக்கு ஏறி அடைத்துக்கொள்ள, காற்றுக்கு வெளியே போக வழியில்லாமல் பிஸ்டனையே திருப்பித் தள்ளியது. பாதிச் சரிவில் ஏறிக்கொண்டிருந்த பார்ஜு ஒரு கெஜம் பின்னால் வழுக்கியது. கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். மாடக்கண்ணு டின்னைப் பிடுங்கி எறிந்தான்.

அன்றைக்குத்தான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. சிலுவையின் வலது காதுக்குள் கத்திச் சொன்னான்.

"வாயப் பொத்துனா ஆகாதுடே. சினிமாக் கொட்டகை விட்டு வார கூட்டத்தப் பாத்திருக்கியா? ஒரே ஒரு வாசல் இருந்தா நெரிசல்ல கூப்பாடு போடும். பெரிய முத்தத்துல விட்டு, பத்து வாசல் தொறந்து வச்சா, சத்தமில்லாமப் போயிரும். காத்துக்கும் ஒரு முத்தம் வேணும்."

முற்றமாக அவன் கண்டுபிடித்தது ஒரு போயா. துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்ட மிதக்கவிடும் இரும்பு மிதவையை அங்கே போயா என்றுதான் சொல்வார்கள். நாலடி உயரமும் தொந்தி விழுந்த வயிறுமாக ஓட்டையான போயா ஒன்று பட்டறைப் பின்பக்கம் வருஷக்கணக்காகக் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ள ஸ்டோர் கீப்பரிடம் சீட்டு வாங்கவேண்டும்.

ஸ்டோர் கீப்பர் மந்திரமூர்த்திக்கு ஐம்பது வயது. நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிராமல் இருக்கும். பேச்சில் அதைவிடக் குளிர்ச்சி. பட்டறையில் அவருக்குக் கடமைப்படாதவன் கிடையாது. அரிசிப் பஞ்சத்தில் ஊரே ரேஷன் கடை வாசலில் நின்றபோது, மாடக்கண்ணுவின் மகளுக்குச் சித்திரையில் காதுகுத்து வந்தது. அரை மூடை அரிசியை வண்டியில் போட்டு அனுப்பியவர் அவர்தான்.

"போயாதான? தாராளமா எடுத்துக்கோ. கயிறு வேணுமா, பெயிண்டு வேணுமா, எதுன்னாலும் கேளு. நம்ம பட்டறைக்குத்தான செய்யுத" என்று சிரித்துக்கொண்டே சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மாடக்கண்ணு போயாவை வெட்டித் திறந்து துருவைச் சுரண்டினான். வின்ச்சின் கழிவுக் குழாயைப் போயாவின் வயிற்றுக்குள் நீட்டி, அதன் முனையை அடைத்து, பக்கவாட்டில் கால் அங்குலத் துளைகளாகப் போட்டான். எல்லாத் துளைகளையும் கூட்டினால் குழாயின் வாயைப் போல மூன்று மடங்கு வரவேண்டும் என்று கணக்கு. நூற்றெட்டு வந்தது.

"என்னவே, உங்க சாமிக்குத் தேங்கா ஒடைக்கப் போறீரா?" என்று சிலுவை கேட்டான்.

போயாவின் உட்சுவரில் கயிற்றுப் பாயை வளைத்துக் கட்டினான். காற்று போகிற வழியில் அதை வைக்கவில்லை. ஓரமாகச் சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தால் போதும். மேலே நாலு அங்குலத்தில் ஒரு வாசல். விரிகிற காற்று குளிர்ந்துபோய் ஈரத்தைக் கக்கும்; அதோடு எண்ணெயும் வரும். அதெல்லாம் அடியில் தேங்காமல் வடித்துவிட ஒரு திருகுக்குழாய். கடைசியாக மூடியை ரிவெட் அடித்து மூடினான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஓட்டிப் பார்த்தார்கள்.

முதலில், வின்ச்சு ஓடவில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். கயிறு நகர்வதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். போயாவின் தலையிலிருந்து, அசைபோட்டுக் கிடக்கிற மாடு மூச்சுவிடுகிற மாதிரி, புஸ்... புஸ்... என்று வந்தது. அவ்வளவுதான். ரிவெட்காரர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கரையில் அலை மோதுவது கேட்டது. கிட்டங்கியில் பெண்கள் எதற்கோ சிரிப்பது கேட்டது. சிலுவை இருக்கையை விட்டு எழுந்து, வலது காதை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"ஏல மாடக்கண்ணு! கடலு கேக்குதுல!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான்.

மானேஜர் ஜெபசீலன் வந்து இரண்டு நிமிஷம் நின்று கேட்டார். "குட்" என்றார். அன்றைக்கு மாடக்கண்ணு சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை அவன் போயாவின் அடித்திருகைத் திறந்தான். வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன், முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டான். கலங்கல் தண்ணீர் கொஞ்சம் வந்தது. பிறகு, மஞ்சள் கலந்த பழுப்பில், கொழகொழவென்று ஒன்று இறங்கியது. சீழ் பிடித்த புண்ணை அமுக்கினால் வருகிற மாதிரி, விட்டு விட்டு, கட்டி கட்டியாக விழுந்தது. மூன்று மாதமாக உடுப்பிலும் கஞ்சியிலும் இருந்த அதே வாடை. மெஷின் எண்ணெய் இப்படி இருக்காது. மெஷின் எண்ணெயைப் பன்னிரண்டு வருஷமாக முகர்ந்திருக்கிறான்.

சிலுவை வந்து வாளிக்குள் விரலை விட்டு எடுத்தான். முகர வேண்டியிருக்கவில்லை.

"இது சுறா நெய்யில்லா! ஈரல உருக்கி எடுக்கது. எங்க அப்பன் வருசத்துக்கு ரெண்டு மட்டம் வள்ளத்துக்குப் பூசுவாரு. பூசுன அன்னைக்கு எங்க அம்ம அவர வீட்டுக்குள்ள விட மாட்டா. இது எப்படிவே இதுக்குள்ள வந்துச்சு?"

மாடக்கண்ணுவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வின்ச்சுக்கு வருகிற காற்று கம்ப்ரசரிலிருந்து வருகிறது. கம்ப்ரசருக்குள் ஊற்றுகிற எண்ணெயில் கொஞ்சம் காற்றோடு கலந்து புகையாக வரத்தான் செய்யும். மூன்று மாதமாக நாற்பது பேர் மூச்சில் இழுத்ததும், கஞ்சியோடு விழுங்கியதும், உச்சந்தலையில் சொட்டியதும் இதுதான். கருவாட்டுக்காரிகள் சொன்னது நிஜம். தன் நாக்கையே வழித்துப் போட்டால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

நேரே கம்ப்ரசர் அறைக்குப் போனான். டிரைவர் பேச்சிமுத்து வாயில்லாப் பூச்சி. கேட்டதும் அழாத குறையாகச் சொன்னான்.

"ஸ்டோர்ல இருந்து என்ன டின்னு வருதோ அதத்தாம் நான் ஊத்துதேன். நாறுதுன்னு நானும் சொன்னேன். யுத்த காலத்து எண்ணெய் இப்படித்தான் இருக்கும், கூடப் பேசாதன்னு சொல்லிட்டாரு. நான் புள்ளகுட்டிக்காரன்."

மாடக்கண்ணு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, கம்ப்ரசரிலிருந்து காற்றுத் தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றினான். உள்ளே விரல் கனத்துக்குக் கரி. சூட்டில் அந்த நெய் கருகிக் கருகி, அடிப்பிடித்த பாகு மாதிரி உறைந்திருந்தது. சுரண்டினால் பளபளவென்று பெயர்ந்தது. என்றைக்காவது இந்தக் கரி கனிந்து நெருப்புப் பற்றினால் தொட்டியே வெடித்துவிடும். தொட்டிக்கு மூன்றடி தள்ளித்தான் பேச்சிமுத்துவின் முக்காலி.

வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனான்.

மந்திரமூர்த்தி வாளியைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. "அத வெளிய வையிடே. சாமி படம் இருக்குல்லா" என்றார்.

"மெஷின் எண்ணெய் எங்க அண்ணாச்சி?"

"நீ என்ன புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரிக் கேக்குத? இந்த ஊருல எண்ணெய் கெடைக்காம எத்தன மில்லு மூடிக் கெடக்குன்னு தெரியுமா? நம்ம மிஷினு என்னத்தக் குடிச்சாலும் ஓடத்தான் செய்யுது."

"உள்ள கரி பிடிச்சுக் கெடக்கு. வெடிச்சா பேச்சிமுத்து செத்தான்."

"வெடிக்கலயே." அவர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். குரலில் கொஞ்சமும் சூடில்லை. தகப்பன் மகனிடம் பேசுகிற பேச்சு. "சித்திரையில ஒம்மவ காதுகுத்துக்கு அரிசி வந்துச்சே, எங்கன இருந்து வந்ததுன்னு ஒரு வார்த்த கேட்டியா? நெல்லு மில்லுக்காரனுக்கு எண்ணெய் வேணும். நான் எண்ணெய் குடுத்தேன், அவன் அரிசி குடுத்தான். அதுல அரை மூடை ஒனக்கு. சாப்பிட்டப்ப மணமாத்தான இருந்திச்சு?"

மாடக்கண்ணு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். வேலியோரம் குந்தி வாந்தியெடுத்தான். வயிற்றில் ஒன்றுமில்லை, கசப்பு நீர்தான் வந்தது. அந்த ஆள் மேல் வந்த அருவருப்பைவிட, சந்தனப் பொட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்ட தன் மேல் வந்த அருவருப்பு கூடுதலாக இருந்தது.

வீட்டில் செல்லத்தாயிடம் ஒன்று விடாமல் சொன்னான். அவள் முற்றத்தில் காயப்போட்டிருந்த துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த அரிசியிலதான பொங்கி சாமிக்குப் படச்சோம்" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"வந்த சனமெல்லாம் சாப்பிட்டுச்சு. எங்க அண்ணன் ரெண்டாம் மட்டம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

மடித்த துணியை வைத்துவிட்டு உள்ளே போய், அரிசிப் பானையை வெளியே எடுத்து வந்தாள். அந்த அரிசி தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு ரேஷன் அரிசிதான் அதில் கிடந்தது. இருந்த ஆழாக்கைச் சுளகில் கொட்டிவிட்டு, பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கவிழ்த்து வைத்தவள், மறுபடி எடுத்து இன்னொரு தடவை தேய்த்தாள்.

திங்கட்கிழமை காலை மாடக்கண்ணு வாளியோடு மானேஜர் அறைக்குப் போனான். ஜெபசீலன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான்: சுறா நெய், கரி, வெடிக்கிற அபாயம், ஸ்டோரில் மந்திரமூர்த்தி பேசியது.

"வெள்ளிக்கிழமை ட்ரில். அது முடியட்டும், பாக்கலாம்" என்றார் ஜெபசீலன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வெடிச்சிட்டா சார்?"

"மூணு மாசமா வெடிக்காதது நாலு நாள்ல வெடிக்கப் போகுதா? மாடக்கண்ணு, நான் உன்னச் சத்தத்தத்தான் குறைக்கச் சொன்னேன். எண்ணெய எவன் பாக்கச் சொன்னான்? அத எடுத்துட்டுப் போ. ரூம் நாறுது."

மூன்று மாதம் என்று அவன் சொல்லவே இல்லை. சொல்லாத கணக்கு அவர் வாயில் எப்படி வந்தது? மாடக்கண்ணு அவருடைய கால்சட்டையைப் பார்த்தான். ஒரு பொட்டுக் கறை இல்லை. பட்டறை முழுக்கப் பிசுக்கு தெறித்த மூன்று மாதத்தில், இந்த மனிதர் அது படாத இடமாகப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்திருக்கிறார்.

அவன் வாளியை அங்கேயே, மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தான். கம்ப்ரசர் அறைக்குப் போய், எஞ்சினை நிறுத்தி, கம்ப்ரசர் வால்வைக் கழற்றி, துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டான்.

காற்று இல்லை. சுத்தியல் நின்றது, வின்ச்சு நின்றது. சரிவின் பாதியில் ஒரு பார்ஜு தொங்கியது. ஜெபசீலன் முதல்தடவையாக ஓடி வந்தார்.

"வால்வ மாட்டு!"

"நல்ல எண்ணெய் வரட்டும் சார். குழாயெல்லாம் சுரண்டிக் கழுவிட்டு மாட்டுதேன்."

"யுத்த வேலைய நிறுத்துத. போலீஸக் கூப்பிட்டு உள்ள வச்சிருவேன், தெரியுமா?"

"கூப்பிடுங்க. அவங்க வந்தா வாளியையும் பாப்பாங்க."

சிலுவைக்கு என்ன பேசுகிறார்கள் என்று சரியாகக் கேட்கவில்லை. இருந்தாலும் இருக்கையை விட்டு இறங்கி வந்து மாடக்கண்ணுவின் பக்கத்தில் நின்றுகொண்டான். அவனைப் பார்த்து ரிவெட்காரர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர்களுக்கும் சங்கதி எட்டியிருந்தது. ஒருவன் தன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துக் காறித் துப்பினான்.

மூன்று மணிக்குக் கைவண்டியில் இரண்டு டின் எண்ணெய் வந்தது. முத்திரை உடையாத டின்கள். ஸ்டோரின் மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்ததாகவும், இப்போதுதான் கண்ணில் பட்டதாகவும் மந்திரமூர்த்தி எல்லோரிடமும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜெபசீலன் தலையை ஆட்டினார். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாயும் புதனும் மாடக்கண்ணுவும் பேச்சிமுத்துவும் குழாய்களைச் சுரண்டினார்கள். சுரண்டிய கரி இரண்டு கூடை வந்தது. வியாழக்கிழமை கம்ப்ரசர் ஓடியது. அந்த வாடை மெல்ல மெல்லக் குறைந்தது. கஞ்சியில் மினுமினுப்பு இல்லை. ஆனாலும் மாடக்கண்ணுவால் பட்டறையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை; கடற்கரைக்குத் தள்ளிப் போய்ச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. வின்ச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே, சுத்தியல்களுக்கு நடுவிலேயே, தெளிவாகக் கேட்டது. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் வெட்டியிருந்த பதுங்குகுழிக்கு ஓடினார்கள். சிலுவையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஏ.ஆர்.பி. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் என்று குறித்தார். ஜெபசீலன் முகம் மலர்ந்து நின்றார்.

குழி இடுப்பகலம். நாற்பது பேர் தொடையோடு தொடை நெருக்கிக் குந்தினார்கள். மாடக்கண்ணுவுக்குப் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். சந்தன வாசனை அடித்தது.

"ஒன்னால எனக்கு ஒரு வாரம் தலவலி" என்று மந்திரமூர்த்தி அவன் காதில் சொன்னார். "இருந்தாலும் ஒம்மேல எனக்குக் கோவம் கெடையாது. நீ வேலக்காரன். தீவாளிக்குச் சீனி வேணும்னா இந்த அண்ணாச்சிகிட்டக் கேளு, கூச்சப்படாத." பிறகு ஒரு வெற்றிலைச் சுருளை எடுத்து அவன் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். அந்தக் கை மெத்தென்று, ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

மாடக்கண்ணு எழுந்தான். வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு, குழியின் விளிம்பில் கையூன்றி வெளியே ஏறினான். யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள், உதறினான். வெயிலில், வெறும் மணலில், நடுவில் போய் நின்றான். ஆடிக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அது சுத்தமாக இருந்தது.

ஆபீசர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். "ஏய்! இறங்கு! குண்டு விழுந்தா நீ செத்த ஆளு!"

"விழட்டும் சார். உள்ள இருக்க முடியல."

ரிப்போர்ட்டில் அந்தப் பட்டறைக்கு நேராக, சங்கு கேட்டது என்றும், ஒத்திகைக் கணக்கில் சாவு ஒன்று என்றும் எழுதினார்கள். ஒழுங்கு மீறியதற்காக அந்த மாத முடிவில் மாடக்கண்ணுவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போயாவைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வாரம் அலைந்து, டவுனில் ஒரு பஞ்சு பிரஸ்ஸில் அவனுக்கு வேலை கிடைத்தது. பஞ்சை அழுத்திப் பேல் பேலாகக் கட்டுகிற மெஷின். தூசி உண்டு, நாற்றம் இல்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அப்படியே சிலுவை அவன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தான். செல்லத்தாய் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

"போயா நல்லா ஓடுது!" என்று கத்தினான் சிலுவை. அவன் சாதாரணமாகப் பேசுவதே அப்படித்தான். "சனிக்கிழம சனிக்கிழம நாந்தான் தொறந்து விடுதேன். இப்ப வாரது நல்ல எண்ணெய். கறுப்பா, சுத்தமா வருது. எங்காது இதுக்கு மேல போகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போனது போனதுதான்."

"மந்திரமூர்த்தி?" என்று மாடக்கண்ணு உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

"அங்கனதான் இருக்கான், அந்தக் களவாணிப் பய! எண்ணெய வித்தான், இப்ப பெயிண்ட விக்கான். மானேசருக்கும் அதுல பங்குவே! ஊருக்கே தெரியும்!"

எதிர்வீட்டில் ஒரு கதவு திறந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். பலசரக்குக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்லத்தாய் பதறிப்போய் வாசலுக்கு வந்தாள்.

"இங்கன பாருங்க, அந்த அண்ணன மெதுவாப் பேசச் சொல்லுங்க. தெருவே பாக்குது."

மாடக்கண்ணு சிலுவையின் வலது காதருகே குனிந்தான்.

"யாரு எண்ணெய வித்தான்னு சொன்ன? எனக்குச் சரியாக் கேக்கல" என்றான்.

சிலுவை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து, இன்னும் பலமாகச் சொன்னான்.